டிஸ்சார்ஜ் சம்மரியும் கொஞ்சம் இங்கிலீஷ் இலக்கணமும்

"டாக்டருக்கு எதுக்குங்க இந்த இங்கிலீஷ் டீச்சர் வேலை?"ன்னு கேக்கப் போறீங்க. கேளுங்க. காரணம் இருக்கு.

அரசு மருத்துவமனையில் இருந்து டிஸ்சார்ஜ் ஆகிப் போறவங்க கையில ஒரு தாள் போகுது. டிஸ்சார்ஜ் சம்மரி. என்ன நோய், என்ன சிகிச்சை கொடுத்தோம், வீட்டுக்குப் போய் எந்த மாத்திரையை எத்தனை வேளை சாப்பிடணும், திரும்ப எப்போ வரணும், எல்லாம் அதில்தான் இருக்கு. ஆனா பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும். வாயால தமிழில் சொல்லித்தான் அனுப்புறோம். ஆனா ஓபி கூட்டத்துல ரெண்டு நிமிஷத்துல சொன்னது வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பாதி மறந்திருக்கும். தாளை நாலா மடிச்சு மஞ்சப்பையில் வச்சு, அடுத்த தடவை வரும்போது அப்படியே எடுத்து நீட்டுவாங்க. நடுவுல யாரும் அதைப் பிரிச்சுப் பார்த்திருக்க மாட்டாங்க.

தமிழிலேயே கொடுக்கணும்னு சொல்றவங்க கட்சிதான் நானும். அது தனி இழை. இப்போ கையில இருக்கிற தாளைப் பார்ப்போம்.

வீட்டுல பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற பிள்ளை இருக்கும். அதுகிட்ட கொடுத்தா "இது மெடிக்கல் இங்கிலீஷ், எனக்குப் புரியாது"ன்னு திருப்பிக் கொடுத்துடும். உண்மையில் அந்தத் தாளில் கஷ்டமான இங்கிலீஷ் கிடையாது. முழு வாக்கியமே குறைச்சல். முக்கால்வாசி நவுன், அதாவது பெயர்ச்சொல். நடுநடுவே ஹி, ஷி, ஹிஸ், ஹெர் மாதிரி ப்ரொனவுன், அதாவது பெயருக்குப் பதிலா வர்ற சொல். இந்த ரெண்டு மட்டும் பிடிபட்டா தாளில் பாதி புரிஞ்சிடும்.

நவுனை நீங்க ஏற்கனவே படிச்சிருக்கீங்க, தமிழ் வகுப்புல. பொருட்பெயர், இடப்பெயர், காலப்பெயர், சினைப்பெயர், பண்புப்பெயர், தொழிற்பெயர். அன்னைக்கு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கி மறந்துட்டோம். இதுல சினைப்பெயர்னா உறுப்புகளோட பெயர். டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க சினைப்பெயர்தான். ஹார்ட், லிவர், கிட்னி, லங்ஸ், செஸ்ட், அப்டமன். லங்ஸ் நுரையீரல், அப்டமன் வயிறு. இருபது சொல்லைத் தனியா எழுதி வச்சுக்கிட்டா போதும்.

தொழிற்பெயர்தான் பிள்ளைங்க தடுமாறுற இடம். 'வாமிட்டிங்', 'ஸ்வெல்லிங்', 'ப்ளீடிங்' இதெல்லாம் 'இங்'ல முடியறதால வெர்ப்னு, வினைச்சொல்னு நினைச்சுக்கறாங்க. அப்புறம் "யாரு பண்றாங்க?"ன்னு அந்த வரியில எழுவாயைத் தேடுறாங்க. தேட வேண்டாம். 'வீங்குதல்', 'கசிதல்' மாதிரி, செயலுக்கு வச்ச பெயர்தான் அது. 'நோ ப்ளீடிங்'னு போட்டிருந்தா ரத்தக்கசிவு இல்லை. அவ்வளவுதான் வாக்கியம்.

இப்போ கொஞ்சம் கவனமாப் படிங்க. நவுன்ல காமன் நவுன், ப்ராப்பர் நவுன்னு ரெண்டு உண்டு. நதி காமன், காவிரி ப்ராப்பர். தமிழில் பொதுப்பெயர், சிறப்புப்பெயர். நதிக்கும் காவிரிக்கும் குழம்ப மாட்டோம். மாத்திரையில் குழம்புறோம்.

பாராசிட்டமால் என்பது மருந்தோட பொதுப்பெயர். டோலோ, குரோசின், கால்பால் இதெல்லாம் கம்பெனிகள் வச்ச சிறப்புப்பெயர். உள்ளே இருப்பது ஒரே மருந்து. இங்கிலீஷில் ப்ராப்பர் நவுனுக்கு முதல் எழுத்து பெரிய எழுத்து, காமன் நவுனுக்குச் சின்ன எழுத்து. அதைப் பார்த்தே கண்டுபிடிச்சிடலாம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதனால நம்ம கண்ணுக்கு இந்த வித்தியாசம் பழக்கமில்லை. எல்லாமே 'மாத்திரை பேரு'தான்.

ஒருத்தர் வந்தார். நாற்பது வயசு இருக்கும், மூட்டை தூக்குற வேலை. காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கியிருக்கார், குறையலைன்னு ஒரு கிளினிக்கில் இன்னொண்ணு, வீட்டுல மச்சான் வச்சிருந்தது வேறொண்ணு. மூணு அட்டை, மூணு பெயர், மூணையும் வேளை தவறாம போட்டிருக்கார். "நல்லா கவனிச்சுக்கிட்டேன் சார்"ன்னு பெருமையாத்தான் சொன்னார். மூணு அட்டையையும் திருப்பிப் பார்த்தா மூணுமே பாராசிட்டமால். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 கிராம், அதாவது 4000 மில்லிகிராம். அதைத் தாண்டி ரெண்டு நாளா போயிட்டிருந்தது. அதோட தினம் குடிப்பழக்கம் வேற. ஈரல் பாதிச்சு, அதுக்கான மாற்று மருந்து கொடுத்து, சில நாள் வார்டுல வச்சுப் பார்த்து வீட்டுக்கு அனுப்பினோம். பிழைச்சுக்கிட்டார்.

அந்த மூணு அட்டையிலும் பொதுப்பெயர் அச்சடிச்சுத்தான் இருந்தது. 'பாராசிட்டமால் டேப்லட்ஸ் ஐபி'ன்னு. சிறப்புப்பெயரை மட்டும் படிச்சிருக்காங்க. இனி எந்த மாத்திரை அட்டையை எடுத்தாலும் சிறப்புப்பெயரை விட்டுட்டு, 'டேப்லட்ஸ் ஐபி'க்கு முன்னாடி என்ன இருக்குன்னு பாருங்க. அதுதான் மருந்து. ரெண்டு அட்டையில் அந்தச் சொல் ஒண்ணா இருந்தா ரெண்டும் ஒண்ணு, ரெண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. சில அட்டையில் ரெண்டு மூணு மருந்து கலந்திருக்கும், சளி மாத்திரை பெரும்பாலும் அப்படித்தான். அதுக்குள்ளேயும் பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கும். கலவையில் என்னென்ன இருக்குன்னு அட்டையிலேயே சின்ன எழுத்தில் போட்டிருப்பாங்க.

(அட்டையில் உள்ள 'ஐபி' இந்தியன் பார்மகோபியா, மருந்துகளின் தரத்தைச் சொல்லும் நூல். ஆஸ்பத்திரி சீட்டில் உள்ள 'ஐபி' இன்-பேஷண்ட், உள்நோயாளி. ரெண்டையும் குழப்பிக்கிட்டு "இது உள்ள படுத்திருக்கிறவங்களுக்கான மாத்திரையா சார்?"ன்னு ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி.)

டாக்டர் எழுதும் சீட்டில் மட்டும் இந்தப் பெரிய எழுத்துக் கணக்கு செல்லாது. மருந்துப் பெயரைப் புரியும்படி, முடிந்தவரை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதணும்னு எங்களுக்கு விதி இருக்கு. அதனால சீட்டைப் பார்த்து பொதுப்பெயர், சிறப்புப்பெயர் பிரிக்காதீங்க. அட்டையைப் பாருங்க.

மாத்திரைக்கு இப்படின்னா, மனுஷங்களுக்கு? பிரசவ வார்டுக்கு வாங்க. பிறந்த குழந்தைக்குப் பெயர் வச்சிருக்க மாட்டாங்க. சிறப்புப்பெயரே இல்லாத ஆள். கையில் கட்டுற பட்டையில் 'பேபி ஆஃப் செல்வி'ன்னு எழுதுவோம். செல்வியோட குழந்தை. 'ஆஃப்' வந்தா தமிழில் 'உடைய', வரிசையைத் திருப்பிப் படிக்கணும். 'வைஃப் ஆஃப் முருகன்', முருகனோட மனைவி. இதுவும் அதே கணக்கு.

அந்தக் குழந்தையோட தாளில் 'மதர்'னு வந்தா அது குழந்தையோட அம்மா. சொல்லவே வேண்டாம்னு தோணும். ஒரு தடவை பிரசவமான பொண்ணோட தம்பி அந்தத் தாளைப் படிச்சுக் காட்டியிருக்கான். 'மதர், ஓ நெகட்டிவ்'னு இருந்திருக்கு. கூட இருந்த பாட்டிம்மா, அதாவது பொண்ணோட அம்மா, நேரா எங்கிட்ட வந்துட்டாங்க. "எனக்கு ஓ பாசிட்டிவ் தம்பி, தப்பா எழுதி வச்சிருக்கீங்க. அதுவும் எனக்கு எப்போ ரத்தம் எடுத்தீங்க?" வார்டே சிரிச்சுது. அவங்க கேட்டதுல தப்பே இல்லை. படிச்சவனுக்கு 'மதர்'னா அவன் அம்மாதானே! காமன் நவுன் அப்படித்தான், யாரை நடுவுல வச்சுப் பேசுறோமோ அவங்களைப் பொறுத்து ஆள் மாறும். மாமா, அத்தைன்னு சொல்றதும் அப்படித்தானே.

சிரிப்போட விடவும் முடியாது. அம்மா நெகட்டிவ் குரூப், குழந்தை பாசிட்டிவ்னா, அம்மாவுக்குப் பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ள ஆன்டி-டி ஊசி போடணும். போட்டிருந்தோம். அடுத்த பிரசவம் எங்கே நடந்தாலும் அந்த ஒரு வரி அங்கே போய்ச் சேரணும், அது யாரோட குரூப்னு வீட்டுல இருக்கிறவங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

சிறப்புப்பெயரும் எப்பவும் காப்பாத்தாது. ஒரே வார்டுல ரெண்டு முருகன், மூணு லட்சுமி சாதாரணம். அதனாலதான் ஒரு நோயாளியை அடையாளம் காண குறைந்தது ரெண்டு விவரம் பார்க்கணும், அறை எண்ணை அதுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2007லேயே சொல்லிடுச்சு. ஊசி போட வர்ற சிஸ்டர் பெயரைக் கேட்டு, ஐபி நம்பரையும் பார்த்தா எரிச்சல் படாதீங்க.

ஒருமை பன்மையை வேகமா முடிச்சுடறேன். தமிழில் "பத்து மாத்திரை கொடுங்க"ன்னுதான் சொல்றோம். "பத்து மாத்திரைகள் கொடுங்க"ன்னு யாரும் மருந்துக்கடையில் கேக்கறதில்லை. எண் முன்னாடி வந்தாச்சு, அஃறிணைக்கு 'கள்' எதுக்கு? இந்தப் பழக்கத்துலதான் இங்கிலீஷிலும் 'டென் டேப்லட்'னு சொல்லிடறோம். இங்கிலீஷில் எண் இருந்தாலும் 'எஸ்' வேணும், 'டென் டேப்லட்ஸ்'. அதுக்காக 'எஸ்' இருந்தா எல்லாம் பன்மைன்னு முடிவு பண்ணிடாதீங்க. டயாபடீஸ், மீசில்ஸ், மம்ப்ஸ், ரேபீஸ் எல்லாம் ஒருமை. 'டயாபடீஸ் இஸ்'தான், 'ஆர்' இல்லை. ரத்தம், சீழ், தண்ணீர் எல்லாம் எண்ண முடியாதவை, அதுக்குப் பன்மை கிடையாது. அதை அளக்கிற பாத்திரத்தைத்தான் எண்ணுவாங்க, 'டூ யூனிட்ஸ் ஆஃப் ப்ளட்'. "ரெண்டு படி அரிசி"ன்னு சொல்றோமே, அதேதான்.

இனி ப்ரொனவுன். எனக்கு மனசுல நிக்கிற விஷயம் இதுதான்.

2020ல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதுக்கப்புறம் தமிழ் வழியில் படிச்ச பிள்ளைங்க நிறைய பேர் எம்பிபிஎஸ் வர்றாங்க. பாடம் இங்கிலீஷ், புத்தகம் இங்கிலீஷ். வார்டுல நோயாளியைப் பரிசோதிச்சுட்டு வந்து எல்லார் முன்னாடியும் இங்கிலீஷில் விவரம் சொல்லணும்.

ஒரு பொண்ணு. அறுபத்தெட்டு வயசு பாட்டியோட கேஸைச் சொல்ல எழுந்தா. பாட்டிகூட ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, வேற யாரும் கேட்டு வாங்காத விவரமெல்லாம் வாங்கியிருந்தா. ஆரம்பிச்சதே 'தே கேம் வித் ஃபீவர்'. பாடம் எடுத்தவர், "எத்தனை பேஷண்ட்?"ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. அவ ரெண்டு வரி திக்கிட்டு உட்கார்ந்துட்டா. அப்புறம் பல வாரம் அந்தப் பொண்ணு வாயைத் திறக்கலை.

அவ எங்கே இருந்து அந்த 'தே'யை எடுத்தான்னு பாருங்க. தமிழில் அந்தப் பாட்டியை என்ன சொல்லுவோம்? 'அவங்க காய்ச்சலோட வந்தாங்க'. 'அவள் வந்தாள்'னு சொல்ல நாக்கு வருமா? 'அவங்க' என்பது பன்மை வடிவம், மரியாதைக்காக ஒருத்தருக்குப் போடறோம். அதை அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டு போனா 'தே'. வளர்ப்பு நல்லா இருந்ததால வந்த தப்பு அது. அறுபத்தெட்டு வயசு அம்மாவை 'ஷி'ன்னு சொல்ல அவளுக்குக் கூச்சம்.

பின்னாடி அவகிட்ட நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். 'ஷி'க்குத் தமிழ் 'அவள்' மட்டும் இல்லை. அவள், அவர், அவங்க மூணுக்கும் சேர்த்து இங்கிலீஷில் இருப்பது ஒரே 'ஷி'தான். அந்தச் சொல்லில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. இங்கிலாந்து ராணியையே 'ஷி'ன்னுதான் சொன்னாங்க. மரியாதையை இங்கிலீஷில் வேற இடத்தில் வைப்பாங்க, 'ப்ளீஸ்'லயும் 'மேடம்'லயும் கேக்கிற தொனியிலயும்.

இதுல ஒரு வேடிக்கை. நம்ம 'நீ, நீங்க' மாதிரி இங்கிலீஷிலும் ரெண்டு இருந்தது. 'தவ்'னா நீ, 'யூ'ன்னா நீங்க. மரியாதைக்காக எல்லாரையும் 'யூ'ன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு, 17-ம் நூற்றாண்டுவாக்கில் 'தவ்' பேச்சில் இருந்து மெல்ல மறைஞ்சிடுச்சு. அதாவது இன்னைக்கு இங்கிலீஷ்காரர் தன் நாய்க்குட்டியைக் கூட 'நீங்க'ன்னுதான் கூப்பிடறார். 'தே'யும் ஒருத்தரைக் குறிக்க வரும், ஆணா பெண்ணான்னு தெரியாதப்போ, இல்லை அவரே அப்படி அழைக்கச் சொல்லும்போது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019ல் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்ததே இந்த 'தே'யைத்தான். அதனால அன்னைக்குச் சிரிச்சவங்க கொஞ்சம் நிதானிச்சிருக்கலாம்.

இப்போ உங்க தாளுக்கு வருவோம். கம்ப்யூட்டரில் டிஸ்சார்ஜ் சம்மரி அடிக்கும்போது, அதே நோய்க்கு ஏற்கனவே அடிச்ச இன்னொருத்தர் தாளை எடுத்து, பெயரும் வயசும் மாத்தி அடிக்கிற பழக்கம் பல இடங்களில் உண்டு. பெயரை மாத்துவாங்க, நடுவுல இருக்கிற 'ஹி'யை மாத்த மறந்துடுவாங்க. உங்க அம்மாவோட தாளில் 'ஹி'ன்னோ 'ஹிஸ்'னோ இருந்தா, "எழுத்துப் பிழைதானே"ன்னு விட்டுடாதீங்க. அந்த வரியே வேறொருத்தரோடதா இருக்கலாம். அவருக்கு இருந்த சர்க்கரை உங்க அம்மா கணக்கில் ஏறியிருக்கலாம், இல்லை உங்க அம்மாவுக்கு இருக்கிற மருந்து அலர்ஜி விடுபட்டிருக்கலாம். சிஸ்டர்கிட்டயோ டூட்டி டாக்டர்கிட்டயோ காட்டி, "இது ஷி தானே வரணும், ஒரு தடவை பாத்துடுங்க"ன்னு சொல்லுங்க. இதுக்கு நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்க வேண்டியதில்லை.

இன்னொரு இடம், 'ஹி' யாருன்னே தெரியாம போறது. 'ஹிஸ் பிரதர் செட் ஹி ஸ்டாப்ட் த டேப்லட்ஸ்'. மாத்திரையை நிறுத்தினது யார்? நோயாளியா, அவர் தம்பியா? இங்கிலீஷில் ரெண்டும் சரி. தமிழில் இதுக்குன்னே ஒரு சொல் இருக்கு, 'தான்'. "தான் மாத்திரையை நிறுத்திட்டதா தம்பி சொன்னார்"னா தம்பி. "அவர் மாத்திரையை நிறுத்திட்டதா தம்பி சொன்னார்"னா நோயாளி. இங்கிலீஷுக்கு இந்த வசதி கிடையாது. அதனால நாங்க 'த பேஷண்ட், த பேஷண்ட்'னு திரும்பத் திரும்ப நவுனையே எழுதுவோம். படிக்க அசிங்கமா இருக்கும், ஆனா ஆள் மாறாது. நீங்களும் டாக்டர்கிட்ட பேசும்போது "அவருக்கு வந்துச்சு, அப்புறம் அவருக்கும் வந்துச்சு"ன்னு சொல்லாம, "அப்பாவுக்கு வந்துச்சு, சித்தப்பாவுக்கும் வந்துச்சு"ன்னு சொல்லுங்க.

கடைசியா, வெளியூர்ல வேலை பார்க்கிறவங்களுக்கு. சிங்கப்பூர், துபாய்னு போயிருக்கிற நம்ம பசங்க அங்கே டாக்டர்கிட்ட பேசத் திணறுறதா போன் பண்ணுவாங்க. சிக்கல் எங்கேன்னா, தமிழில் நோய் நமக்கு 'வருது'. 'எனக்குக் காய்ச்சல், எனக்கு நெஞ்சு வலிக்குது'. இந்த 'எனக்கு'வை 'டு மீ', 'ஃபார் மீ'ன்னு மாத்தினா வாக்கியம் நகராது. இங்கிலீஷில் நோயை 'வச்சிருக்கிறவர்' நாமதான். அதனால 'எனக்கு' வந்தா 'ஐ ஹேவ்', பின்னாடி ஒரு நவுன். ஐ ஹேவ் ஃபீவர். ஐ ஹேவ் செஸ்ட் பெயின். கூட இருக்கிறவருக்குன்னா 'ஹி ஹேஸ்', 'ஷி ஹேஸ்', 'மை ஃப்ரெண்ட் ஹேஸ்'. அவசரத்துக்கு இது போதும். 'மைசெல்ஃப் குமார்'னு ஆரம்பிச்சா கூட எந்த டாக்டரும் சிகிச்சை தராம விடமாட்டார், ஆனா சரியானது 'ஐ ஆம் குமார்'.

சரி, ஒரு பயிற்சி. தாளில் இப்படி இருக்குன்னு வச்சுக்குவோம்: 'பேஷண்ட் ஹேஸ் டயாபடீஸ். ஹெர் மதர் ஹேட் டிபி. நோ ஸ்வெல்லிங் ஆஃப் லெக்ஸ்.' நோயாளி ஆணா பெண்ணா? டிபி இருந்தது யாருக்கு? கால் எப்படி இருக்கு? வீட்டுல பிள்ளைங்களை உட்கார வச்சுக் கேட்டுட்டு பதிலைக் கீழே போடுங்க. நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து பார்க்கிறேன்.